தலைவராய் இருந்த ஓராண்டு

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டின் தெருக்களில் விடியற்காலையில் நடந்து சென்றவர்கள், வெயில் ஏறுமுன் பாவு விரித்து இழை சரிபார்க்கும் குடும்பங்களைக் கண்டிருப்பார்கள். அத்தகைய தெரு ஒன்றில் பிறந்து, தாயின் தறியோசையைக் கேட்டவாறே பாடம் படித்து வழக்கறிஞரான அன்பர் ஒருவர், 2025 ஜனவரியில் ஒரு மாலை நம்மைக் காண வந்திருந்தார். நம் வட்டாரத்து வழக்கறிஞர் சங்கம் ஒன்றுக்கு ஓராண்டு தலைவராயிருந்து, பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்த நேரம் அது. தம் பெயரும் சங்கத்தின் பெயரும் வேண்டாமென்று கேட்டுக்கொண்டார், அவ்வாறே விடுகிறோம்.

ஓராண்டு எப்படிக் கழிந்தது என்று வினவினோம். "பாதி நாள் இரங்கல் கூட்டம், மீதி நாள் சமாதானக் கூட்டம், ஃபாதர்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

வழக்கறிஞர் சங்கம் என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது நீதிமன்றப் புறக்கணிப்பு ஒன்றே. வழக்குக்காக வரும் பெண்கள் அமர ஒரு நிழல், குடிக்கத் தண்ணீர், நூலகத்திற்குப் புதிய சட்டப் புத்தகங்கள், இளம் வழக்கறிஞரின் வயிற்றுப்பாடு ஆகியவையும் சங்கத் தலைவரின் கவலைகளே. கடைசியாகச் சொன்னது சிறிய காரியமன்று. படித்து முடித்து மூத்தவரிடம் சேரும் ஏழை வீட்டுப் பிள்ளை, மாதக்கணக்கில் பேருந்துக் கட்டணத்திற்கே வீட்டில் கையேந்தும் நிலை இருந்து வருகிறது. 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் இதில் தலையிட்டது. சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும், பிற இடங்களில் 15,000 ரூபாயும் இளையவர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்கப்பட வேண்டும் என்றது. நம் அன்பர் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துரைத்தபோது, மூத்தவர் பலர் கூரையைப் பார்த்தார்களாம். சிற்றூர் வக்கீலுக்கே அத்தொகை நிச்சயமில்லாதபோது அவர் எங்கிருந்து கொடுப்பார் என்ற கேள்வியிலும் நியாயமில்லாமல் இல்லை.

அவர் நெஞ்சில் தைத்திருந்த முள் வேறு. 2024 ஜூலை முதல் நாள் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் பெயர் முதற்கொண்டு பல குறைகளைச் சுட்டி, தமிழகத்தின் பல ஊர்களில் வழக்கறிஞர்கள் பணியிலிருந்து விலகி நின்றனர். நம் அன்பரின் சங்கமும் தீர்மானம் போட்டது. தலைவர் என்ற முறையில் அவரே கையெழுத்திட்டார். அந்நாட்களில் ஒன்றில், அவருடைய கட்சிக்காரியான கைம்பெண் ஒருவரின் பாகவழக்கு விசாரணைக்கு வந்திருந்தது. புறக்கணிப்புச் செய்தி தெரியாமல் அந்த அம்மாள் காலையிலேயே வந்து மரத்தடியில் நின்றிருந்தார். வாய்தா போட்டாகிவிட்டது, போய் வாருங்கள் என்று இவர் சொன்னார்.

"சரிங்க ஐயா. இன்னைக்குத் தறி நிக்குதுங்க, அதான்" என்றாராம் அவர். கோபமே இல்லாத சொற்கள்.

பட்டுத்தறியின் கணக்கை அறிந்தவர்க்கு அச்சொற்களின் எடை விளங்கும். சேலை முடிந்தால்தான் கூலி. இறங்கி எழுந்த நாளுக்கு எவரும் ஒன்றும் தருவதில்லை. அந்த அம்மாளோ பிறர் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்பவர். அவர் வராத நாளில் இன்னொருவருடைய தறியும் சும்மா கிடக்கும். அதற்கும் ஒரு முகச்சுளிப்பை அவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவர் ஏன் பிறர் தறியில் நெய்கிறார் என்பதில் நமக்கும் பங்குண்டு, மறைப்பதற்கில்லை. கணவர் இறந்ததும், தறி கிடந்த அறையைக் கணவரின் தமையனார் பூட்டிக்கொண்டார். அந்த அம்மாள் முதலில் ஓடி வந்தது நீதிமன்றத்திற்கன்று, நம்மிடமே. "கோர்ட்டுக்குப் போக வேண்டாம் அம்மா, உறவுக்குள் பேசித் தீர்ப்போம்" என்றோம். இரண்டு ஆண்டுகள் பேசினோம், அறை திறக்கவில்லை. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் உரியவை என்று 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கூறுகிறது. இதைக்கூடத் திட்டமாய் அறியாமலே நாம் நடுவராக அமர்ந்திருந்தோம். வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தர, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வட்டச் சட்டப்பணிகள் குழு இருப்பதும் பின்னரே நமக்குத் தெரிந்தது. அக்குழுவின் வழியாகத்தான் நம் அன்பர் அவருக்கு வழக்கறிஞரானார்.

ஜூலைக்குப் பின் அவர் ஒரு தீர்ப்பைத் தேடியெடுத்துப் படித்தார். ஹரிஷ் உப்பல் வழக்கில் 2002 டிசம்பர் 17 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அளித்தது அது. வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமையில்லை. நீதித்துறையின் மாண்பும் சுதந்திரமும் ஆபத்துக்குள்ளாகும் மிக அரிய வேளையில் மட்டும், ஒரு நாளுக்கு மேற்படாத விலகலைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கும் முன்பாகச் சங்கத் தலைவர் தலைமை நீதிபதியையோ மாவட்ட நீதிபதியையோ கலந்தாக வேண்டும் என்பது அதன் சாரம். அக்கடமை தலைவர்மேல் பெயர் சொல்லியே வைக்கப்பட்டுள்ளது. "எத்தனையோ முறை மேற்கோள் காட்டிய தீர்ப்புத்தான், ஃபாதர். தலைவர் என்ற சொல்லை மட்டும் படிக்காமல் தாண்டியிருக்கிறேன்" என்றார்.

சில வாரங்களில் சோதனை வந்தது. உறுப்பினர் ஒருவருக்கும் காவலர் ஒருவருக்கும் வாய்த்தகராறு. காலவரையற்ற புறக்கணிப்பு வேண்டுமென்று கூட்டம் கொதித்தது. வழக்கறிஞரை மிரட்டினால் ஏழைக்காகப் பேச நாளை யார் துணிவார் என்ற அவர்கள் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தலைவரோ, மாவட்ட நீதிபதியைக் கண்டு பேசும்வரை தீர்மானத்தில் கையெழுத்திடேன் என்று உட்கார்ந்துவிட்டார். விலை போனவர் என்று அவர் முகத்துக்கு எதிரேயே சொன்னார்கள். மூன்றாம் நாள் வருத்தம் தெரிவிக்கப்பட்டு விவகாரம் தணிந்தது. ஒரு வாய்தாவும் வீணாகவில்லை. ஆயினும் மறுமுறை தேர்தலில் நிற்குமாறு எவரும் அவரைக் கேட்கவில்லை. அதைச் சொன்னபோது அவர் குரலில் இலேசான கசப்பு இருந்தது. மனிதர்தாமே!

பிரெஞ்சு நாட்டின் பிரிட்டனி பகுதியில் வாழ்ந்து 1303இல் இறந்த புனித ஈவோவைப் பற்றி அவரிடம் கூறினோம். குருவாகவும் வழக்கறிஞராகவும் இருந்து, ஏழைகளின் வழக்குகளைக் கூலியின்றி எடுத்து நடத்திய அவரை 1347இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது. "வழக்கறிஞர்களில் புனிதரா?" என்று அன்பர் வியந்தார். குருக்களிலும் அடிக்கடி கிடைப்பதில்லை என்றோம்.

அந்த அம்மாளின் வழக்கு 2024 டிசம்பரில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. அங்கே எழுதப்படும் முடிவுக்கு மேல்முறையீடு இல்லை. அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போன்றே செல்லும். வீட்டின் பின்பகுதியும் தறி அறையும் அவருக்கும் பிள்ளைகளுக்கும் எழுதப்பட்டன. கிணறு பொது. பொங்கல் கழிந்து நாம் அங்குச் சென்றபோது, பூட்டிக் கிடந்த அறையில் தூர்ந்துபோன தறிக்குழியை அவர் மகன் வெட்டிச் சீராக்கிக்கொண்டிருந்தான். மரம் பாதி செல்லரித்திருந்தது. "பாவு எப்போது வரும் அம்மா?" என்று கேட்டோம். "முதலாளி தரேன்னு சொல்லியிருக்காருங்க சாமி, பாக்கணும்" என்று கூறி, கூலித்தறிக்கு நேரமாயிற்றென்று புறப்பட்டுவிட்டார்.