மலைகள் பொறித்த அமெரிக்க வெள்ளி நாணயங்கள்

அமெரிக்காவின் புகழ்பெற்ற மலைகள் சிலவற்றை ஐந்து அவுன்சு வெள்ளி நாணயங்களில் காணலாம். இவை "அழகிய அமெரிக்கா" என்னும் கால் டாலர் வரிசையைச் சேர்ந்தவை. 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேசியப் பூங்காக்கள், வனங்கள், வரலாற்றிடங்கள் ஆகியவற்றைச் சிறப்பிக்கும் 56 கால் டாலர் நாணயங்களை அமெரிக்க நாணயச்சாலை 2010 முதல் 2021 வரை வெளியிட்டது. ஒவ்வொன்றின் வடிவமும் பெரிய வெள்ளி நாணயத்திலும் பொறிக்கப்பட்டது.

அமைப்பு

புழக்கத்திலுள்ள கால் டாலர் செம்பும் நிக்கலும் கொண்டது, எடை 5.67 கிராம். வெள்ளி நாணயம் 99.9 விழுக்காடு தூய்மையானது. எடை ஏறத்தாழ 155.5 கிராம், விட்டம் 76.2 மி.மீ. புழக்க நாணயத்தின் விளிம்பில் வரிகள் இருக்கும். வெள்ளி நாணயத்தின் விளிம்பில் அவற்றுக்குப் பதிலாக எடையும் தூய்மையும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டிலும் முன்பக்கத்தில் இருப்பது சியார்ச் வாசிங்டனின் உருவம்.

மலைகள்

- ஊட் மலை (ஓரிகன், 2010): முன்னே லாஸ்ட் ஏரி, பின்னே பனி மூடிய சிகரம்.
- டெனாலி (அலாஸ்கா, 2012): டால் செம்மறியாடு, அதன் பின்னால் வட அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரம் (6,190 மீட்டர்). சிகரத்தின் அரசுப் பெயர் அப்போது மெக்கின்லி; நாணயத்தில் உள்ள "டெனாலி" பூங்காவின் பெயர்.
- வெண்மலை தேசிய வனம் (நியூ ஆம்ப்சயர், 2013): பிர்ச் மரங்களுக்கிடையே சோகோருவா மலை.

மூன்று மதிப்புகள்

இந்நாணயத்திற்கு மூன்று மதிப்புகள் உண்டு. முதலாவது முகமதிப்பு; இது வெறும் 25 சென்ட். இரண்டாவது உலோக மதிப்பு. இது வெள்ளியின் அன்றாடச் சந்தை விலையைப் பொறுத்தது. மூன்றாவது சேகரிப்பு மதிப்பு. இதை எண்ணிக்கை, நிலை, தேவை ஆகியவை முடிவு செய்கின்றன.

மூன்றாவது மதிப்பு எவ்வளவு எளிதில் ஏறும் என்பதை 2010 காட்டியது. ஒவ்வொரு வடிவிலும் 1,00,000 நாணயங்கள் திட்டமிடப்பட்டிருந்தும் 33,000 மட்டுமே வெளிவந்தன. வணிகர்கள் மிகுந்த விலை கேட்டதால், கொள்முதல் விலைக்கு மேல் 10 விழுக்காட்டுக்கு மிகாமலும், வீட்டுக்கு ஒவ்வொரு வடிவிலும் ஒன்று மட்டுமே என்ற கணக்கிலும் விற்க வேண்டும் என நாணயச்சாலை விதித்தது.

ஆகவே வாங்குவோர், எடையையும் தூய்மையையும் கொண்டு அன்றைய வெள்ளி மதிப்பை முதலில் கணக்கிட வேண்டும். அதற்கு மேல் கொடுக்கும் தொகை முழுவதும் சேகரிப்பு ஆர்வத்திற்கான விலையே. வெள்ளி விலை ஏறினாலும் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.