இரவின் உடல் – 9: வேளை தவறித் தின்ற எலிகள்

கல்லீரலுக்கும் தனியாக ஒரு கடிகாரம் உண்டு, மூளையின் கடிகாரத்தை வெளிச்சம் திருப்புகிறது என்றால் கல்லீரலுடையதைச் சாப்பாட்டு வேளை திருப்புகிறது என்று சென்ற வாரம் சொல்லி நிறுத்தினேன். இரண்டும் வெவ்வேறு மணி காட்டினால் உடம்பு என்ன ஆகும்? இதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான பதில் சுண்டெலிகளிடமிருந்து வந்ததுதான்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாரா ஃபாங்கன், ரேண்டி நெல்சன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு கூட்டம் எலிகளுக்குப் பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு. இன்னொரு கூட்டத்துக்கு இரவு முழுக்க 5 லக்ஸ் மங்கல் வெளிச்சம். இருட்டறையில் டி.வி. ஓடினால் கிடைக்குமே, ஏறக்குறைய அவ்வளவு. கொஞ்சம்தானே என்று தோன்றும்; ஆனால் முழுநிலவே அதிகம் போனால் 0.3 லக்ஸ்தான் தருகிறது. 8 வாரம் கழித்து எடை பார்த்தார்கள். மங்கல் வெளிச்சத்தில் இருந்தவை மற்றவற்றைவிடச் சுமார் 50 சதவீதம் கூடுதலாக எடை ஏறியிருந்தன.

அதிகம் தின்றிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை. தின்ற தீனியின் அளவு ஒன்றே. ஓடியாடியதும் ஏறத்தாழ ஒன்றே. மாறியிருந்தது வேளை. எலி இரவில் நடமாடுகிற பிராணி. இருட்டில் தின்று, பகலில் சுருண்டு கிடக்க வேண்டியது. இருட்டில் இருந்த எலிகள் தங்கள் தீனியில் 36 சதவீதம் அளவுக்கே பகலில் தின்றன. மங்கல் வெளிச்சத்தில் இருந்தவையோ 55 சதவீதத்தை.

குழுவினர் அத்தோடு விடவில்லை. வெளிச்சத்தை அப்படியே எரியவிட்டு, தீனியை மட்டும் இரவில் வைத்து, பகலில் எடுத்துவிட்டார்கள். அந்த எலிகளுக்குக் கூடுதல் எடை ஏறவில்லை. எத்தனை கலோரி என்ற ஒரே கணக்கை வைத்துக்கொண்டு பருமனானவர்களைக் கடிந்துகொள்ளும் டயட் நிபுணர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்கலாம்.

எலி வேறு, மனுஷர் வேறு என்பது நியாயமான ஆட்சேபம்தான். அதிலும் நாம் பகலில் விழித்திருக்கும் ஜாதி.

மனிதர்களைப் பற்றிய பெரிய ஆய்வு 2019இல் வந்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களின் சகோதரிகளைத் திரட்டி அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் நலவாழ்வு நிறுவனம் நடத்திவரும் நெடுநாள் ஆய்வின் ஒரு பகுதி அது. 35 முதல் 74 வயது வரையுள்ள 43,722 பெண்கள். தூங்கும்போது அறையில் என்ன வெளிச்சம் இருக்கும் என்று கேட்டுக்கொண்டு, சராசரியாக 5.7 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். விளக்கோ டி.வி.யோ எரிய எரியத் தூங்கியவர்களில், 5 கிலோவோ அதற்கு மேலோ எடை கூடும் வாய்ப்பு இருட்டில் தூங்கியவர்களைவிட 17 சதவீதம் அதிகம். சின்ன நைட் லேம்ப் போட்டுக்கொண்டவர்களிடம் அப்படி எடை கூடியதாகத் தெரியவில்லை. குழந்தைக்காக நைட் லேம்ப் போடுகிறவர்கள் பயப்பட வேண்டாம்.

ஆனால் டி.வி. ஓட ஓடத் தூங்கிப்போகிறவர் யார்? களைத்தவர், கவலையில் உறக்கம் வராதவர், நேரங்கெட்ட நேரத்தில் கொறிப்பவர். எடையை ஏற்றியது வெளிச்சமா, அந்த வாழ்க்கையா? தூக்க நேரம், சாப்பாடு, உடலுழைப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் தொடர்பு மிஞ்சியது உண்மை. ஆனாலும் கேட்டுப் பதிவுசெய்த ஆய்வு தொடர்பைத்தான் காட்டும், காரணத்தை நிரூபிக்காது. நாளிதழ்த் தலைப்புகள் இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்துவதில்லை.

காரணத்துக்கு அருகே போனது, சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஃபிலிஸ் ஸீ குழு 2022இல் வெளியிட்ட சின்னப் பரிசோதனை. 20 இளவயதினர் முதல் இரவு 3 லக்ஸுக்கும் குறைந்த வெளிச்சத்தில் தூங்கினார்கள். மறுநாள் பாதிப்பேருக்கு அதே மங்கல். மீதிப் பேருக்கு 100 லக்ஸ். வெளிச்சத்தில் தூங்கியவர்களுக்கு இரவில் இதயம் வேகமாகத் துடித்தது. காலையில் இன்சுலினுக்கு உடல் இணங்குவது குறைந்திருந்தது. இருட்டில் சுரக்கும் ஹார்மோனான மெலடோனின் குறைந்துபோனதுதான் காரணம் என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் இரு பிரிவினருக்கும் அது ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. ஆகவே குழுவினர் கைகாட்டுவது நம்மை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலத்தை. கண் மூடியிருந்தும் அது ஓயவில்லை.

ஒரே இரவில் யாரும் பருத்துவிட மாட்டார்கள். அப்படிப்பட்ட இரவுகளை வருடக்கணக்கில் பார்த்த செவிலியர்களிடம் அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)