காலில் காயமில்லை, கால் அசையவில்லை!

எங்கள் வடக்கனந்தல் பக்கத்தில் ஒருவர் தென்னையிலிருந்து கைநழுவி விழுகிறார் என்று கொள்வோம். உயரம் 10 மீட்டர் என்றால், தரையைத் தொடும்போது அவர் வேகம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர்! காலில் சிராய்ப்புகூட இல்லாதிருக்கலாம். ஆனால் கால் அசையவில்லை, கிள்ளினாலும் தெரியவில்லை. ஏன்?

முதுகெலும்பினுள் ஏறக்குறைய சுண்டுவிரல் பருமனில் தண்டுவடம் இறங்குகிறது. மூளையின் கட்டளைகள் கீழே வருவதும், தொடுகை, சூடு, வலி பற்றிய செய்திகள் மேலே போவதும் இதன் வழியேதான். நொறுங்கிய எலும்பு இதை நசுக்கினால் அவ்விடத்துக்குக் கீழே தொடர்பு அறுகிறது. நடுமுதுகில் என்றால் கால்கள். கழுத்தில் என்றால் கைகளும்.

ஒரு பாதி மட்டும் அறுபட்டால் நிகழ்வது விந்தை. அசைவு போவது அடிபட்ட பக்கத்துக் காலில். வலியுணர்வு போவதோ மறுகாலில்! வலியைச் சுமக்கும் இழைகள் தண்டுவடத்துக்குள்ளேயே பக்கம் மாறிவிடுகின்றன.

விழுந்தவரைக் கை, கால் பிடித்துத் தூக்கி ஓடுவது நம் வழக்கம். அதுவே கேடு. முதுகு வளையும்போது, தப்பியிருந்த இழைகளும் நசுங்கிவிடலாம். தலையும் உடலும் ஒரே கோட்டில் இருக்க, நாலைந்து பேர் சேர்ந்து பலகையில் ஏற்ற வேண்டும்.

அறுந்த இழைகள் தண்டுவடத்தில் மீண்டும் வளர்வது அரிது. 1954-இல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளை அறுவை செய்து சீராக்கினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட அவரே காரணம். உணர்வற்ற தோல் அழுந்திப் புண்ணாகாதிருக்க, கைகளை ஊன்றி உடலை அடிக்கடி உயர்த்துவது இத்தகையோர் கற்கும் முதற்பாடங்களுள் ஒன்று.