கோவிங்: நாமே ஒட்டலாமா, ஆளைக் கூப்பிடலாமா?

இங்கிலாந்தில் பழைய வீடு வாங்கிய நண்பர் வீட்டுக்குப் போனால் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் உட்பக்கம் வளைந்த ஒரு பிளாஸ்டர் பட்டை ஓடும். அதுதான் கோவிங். பூ, இலை என்று வேலைப்பாடு கூடினால் கார்னிஸ் என்பார்கள். நம்மூரில் 'பிஓபி கார்னிஸ்' என்று சொல்வதும் இதே குடும்பம்தான்.

இதை நாமே ஒட்டலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தப்பாகப் போனால் திருத்த முடியுமா? சாப்ட்வேர் ஆள் என்பதால் எனக்கு இப்படித்தான் யோசிக்க வரும். ரோல்பேக் பண்ண முடிந்த வேலையை நானே செய்வேன். முடியாததற்கு ஆள் தேடுவேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஜிப்சத்தை சுமார் 150 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கினால் அதில் உள்ள நீரில் முக்கால் பங்கு போய்விடும். அந்த மாவுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் தோண்டியதால் வந்த பெயர். மாவில் தண்ணீர் விட்டால் சில நிமிடங்களில் மறுபடி ஜிப்சமாக இறுகிவிடும். கோவிங்கும் ஜிப்சம், ஒட்டும் பசையும் பெரும்பாலும் ஜிப்சம், இடைவெளியை அடைக்கும் பூச்சும் அதே. அதனால்தான் நன்றாக அடைத்துத் தேய்த்து பெயின்ட் அடித்துவிட்டால் இணைப்பு இருந்த இடமே தெரிவதில்லை.

அடுத்தது மூலை. ஒட்டுவது சுலபம், மூலையில்தான் கணக்கு. மூலை சரியாக 90 பாகை என்றால் இரண்டு துண்டையும் 45 பாகையில் வெட்டினால் போதும். ஆனால் பழைய வீட்டில் 90 பாகை மூலை அபூர்வம். எங்கள் படுக்கையறையில் கோணமானியை வைத்துப் பார்த்தபோது ஒரு மூலை 93 காட்டியது. அங்கே 45 பாகையில் வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் 1.5 பாகை குறையும். சீலிங்கில் 8 செ.மீ. நீளும் கோவிங் என்றால் ஒரு முனையில் சுமார் 6 மி.மீ. இடைவெளி விழும். வழவழப்பான சாதா கோவிங்கில் 6 மி.மீ. பெரிய விஷயமில்லை, பூச்சை அப்பி ஈர பிரஷ்ஷால் இழுத்துவிடலாம். அந்த அறையை நானே செய்தேன்.

வெட்டும்போது ஒன்றை மனதில் வையுங்கள். வெட்டுப் பெட்டியின் அடிப்பலகைதான் சீலிங், பக்கப்பலகைதான் சுவர். அதாவது கோவிங் தலைகீழாக உட்கார வேண்டும். மூன்று மீட்டர் துண்டைத் தூக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் கட்டாயம். பசை இறுகும்வரை அடியில் தற்காலிக ஆணிகள் தாங்கும்.

வேலைப்பாடுள்ள கார்னிஸ் கதை வேறு. இரண்டு பக்கத்து இலைகளும் மூலையில் சரியாகச் சந்திக்கணும். பாதி இலையைப் பூச்சால் வரைய முடியாது. எடையும் அதிகம். சாக்குத் துணியும் மரச்சட்டமும் உள்ளே வைத்து வார்க்கும் 'ஃபைப்ரஸ் பிளாஸ்டர்' முறைக்கு 1856-இல் லண்டனில் தெசாஷி என்பவர் காப்புரிமை பெற்றார். இந்த வகைத் துண்டுகளைப் பசையோடு சேர்த்து, சீலிங்குக்கு மேலே உள்ள மர உத்திரத்தைத் தேடிப்பிடித்து ஸ்க்ரூவும் போட்டு நிறுத்துவார்கள். பிடிமானம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் அப்பல்லோ தியேட்டர் உதாரணம். 2013 டிசம்பர் 19 அன்று நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே சீலிங்கின் ஒரு பகுதி விழுந்து 70 பேருக்கு மேல் காயப்பட்டார்கள். தாங்கியிருந்த பழைய துணி-பிளாஸ்டர் கட்டுகள் நைந்துபோனதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. வீட்டு கார்னிஸ் அவ்வளவு பெரிதில்லைதான். ஆனாலும் தலைக்கு மேல் தொங்கும் எடைக்கு ரோல்பேக் கிடையாது. எங்கள் முன்னறைக்கு அனுபவமுள்ள பிளாஸ்டர்காரரைத்தான் கூப்பிட்டோம்.

மூன்றாவது விஷயம் பலர் கவனிக்காதது. பசை பெயின்ட் மேல் நிற்காது. கோவிங் உட்காரும் பட்டையைச் சுரண்டணும். அந்த சீலிங்கில் புள்ளி புள்ளியாக, சுழல் சுழலாக 'ஆர்டெக்ஸ்' பூச்சு இருந்தால் நிறுத்துங்கள். இந்த வகைப் பூச்சுகளில் ஒரு காலத்தில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் கலந்தார்கள். பிரிட்டனில் அதற்கு முழுத் தடை வந்ததே 1999 நவம்பரில்தான். 2000-க்கு முன் கட்டிய வீடு என்றால் சோதனைக்கூடத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்காமல் சுரண்டவே கூடாது. நுரையீரலுக்குள் போன தூசியைத் திரும்ப எடுக்க வழியில்லை. கூலிக்கு ஆள் வைத்தாலும் இந்தச் சோதனை வேண்டும். சுரண்டும் அவருக்கும் நுரையீரல் ஒன்றுதானே.

ஆக, சாதா கோவிங், சமீபத்திய வீடு, உதவிக்கு ஒரு ஆள்: தைரியமாக நீங்களே இறங்கலாம். வேலைப்பாடும் எடையும் சேர்ந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். பழைய சீலிங் என்றால் இரண்டுக்கும் முன்னால் சோதனை. வாங்கும்போது ஒரு துண்டு கூடுதலாகவே வாங்குங்கள். முதல் இரண்டு மூலைகளை அதில் வெட்டிப் பழகிக்கொள்ளலாம்.