முத்திரையும் சுவடும்: தேசியப் பூங்காப் பயண ஏடும் லாபிஸ் வட்டாரமும்

முன்னுரை

ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் செல்வோர் கடப்பிதழில் முத்திரை பெறுதல் அரசாங்கக் கட்டாயம். எவருடைய கட்டாயமும் இன்றி, ஒரு நாட்டுக்குள்ளேயே காடு, மலை, குகை, நினைவிடம் எனத் தேடிச் சென்று, சென்றதற்கு அடையாளமாகச் சிற்றேடு ஒன்றில் முத்திரை பதித்துக்கொள்ளும் வழக்கமும் உலகில் உண்டு. இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது, அதனால் விளையும் நன்மை யாது, அதன் குறை யாது என்பவற்றை விளக்குதலும், அதனை ஜொகூர் மாநிலத்து லாபிஸ் வட்டாரத்தோடு பொருத்திக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். லாபிசுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த நமக்கு இஃது ஆய்வுப் பொருள் மட்டுமன்று. நெடுநாள் தீர்க்கப்படாத கடனுமாகும்.

முத்திரை ஏட்டின் தோற்றமும் முறையும்

உலகின் முதல் தேசியப் பூங்காவாகிய யெல்லோஸ்டோன் 1872ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அமைக்கப்பட்டது. அந்நாட்டுத் தேசியப் பூங்காச் சேவை 1916இல் உருவானது. இன்று அச்சேவையின் பொறுப்பில் 400க்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன. அவற்றுள் ‘தேசியப் பூங்கா’ என்னும் பெயரைத் தாங்கியவை 63. எஞ்சியவை போர்க்களங்கள், நினைவிடங்கள், கடற்கரைகள், தலைவர்கள் பிறந்த வீடுகள் முதலியன.

இவ்விடங்களுக்குரிய முத்திரை ஏடு 1986இல் அறிமுகமாயிற்று. பார்வையாளர் நிலையத்தில் முத்திரையும் மைப்பெட்டியும் வைக்கப்பட்டிருக்கும். வட்ட வடிவான முத்திரையின் மேல் விளிம்பில் பூங்காவின் பெயரும், நடுவில் அன்றைய தேதியும், கீழ் விளிம்பில் இடத்தின் பெயரும் அமையும். ஏட்டை விலைகொடுத்து வாங்க வேண்டும், முத்திரைக்குக் கட்டணமில்லை. வருவோர் தாமே அதனைப் பதித்துக்கொள்ளலாம். வட்டாரத்துக்கு ஒரு நிறம் என மை வேறுபடும்.

இவ்வழக்கம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் 1931இல் ஃபுகுயி நிலையத்தில் தொடங்கிய இரயில் நிலைய முத்திரை இன்றும் அந்நாடெங்கும் வழக்கில் உள்ளது. அந்நாட்டின் ஷிக்கோக்குத் தீவில் 88 பௌத்தக் கோயில்களைச் சுற்றி வரும் அடியார்கள் ஒவ்வொரு கோயிலிலும் ஏட்டில் முத்திரை பெறுவர். ஸ்பெயின் நாட்டுச் சாந்தியாகோ நகருக்கு நடந்து செல்லும் கிறித்துவ யாத்திரிகர்களும் வழியெங்கும் முத்திரை பெற்றுச் செல்வர். ஆதலின் பூங்கா முத்திரையைப் பழைய திருத்தலப் பயண மரபின் புதிய வடிவம் எனக் கருத இடமுண்டு.

நாம் சேர்த்த முத்திரைகள்

முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு அமெரிக்காவில் தங்கியிருந்தபோது, 2012ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், சக மாணவர் மூவருடன் ஒரே மகிழுந்தில் பத்து நாள் பயணம் மேற்கொண்டோம். வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பூங்காவில் மலைமுகட்டின் மேல் 105 மைல் நீளத்துக்குச் செல்லும் சாலையில் தொடங்கி, கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்கா, அட்லாண்டா நகர், உலகின் மிக நீண்ட குகைத்தொகுதியாகிய மம்மத் குகை எனச் சுற்றி வந்தோம். திரும்பியபோது எம் ஏட்டில் 14 முத்திரைகள் இருந்தன.

இப்பயணத்தில் முத்திரையின் நன்மை, தீமை இரண்டையும் உணர்ந்தோம். அட்லாண்டாவில் இரவு தங்குவது மட்டுமே திட்டமாக இருந்தது. முத்திரைப் பட்டியலைப் புரட்டியபோதுதான் மார்ட்டின் லூதர் கிங் நினைவிடமும் அதில் அடங்கும் எனத் தெரிந்தது. அங்கே சென்றபோது காந்தியடிகளின் சிலையைக் கண்டோம். ஒரு முத்திரைக்காகத் திருப்பிய வண்டி, இந்திய அறப்போருக்கும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போருக்கும் உள்ள உறவின்முன் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தியது. பெயரறியாத இடங்களுக்கு மக்களை அழைத்துச் செல்வதே முத்திரையின் தலையாய பயன் எனலாம்.

குறையும் அதே ஏட்டில் பதிந்துள்ளது. ஒரே நாளில் மூன்று முத்திரை பதித்த பக்கமொன்று அதில் உண்டு. இன்று அப்பக்கத்தைப் பார்க்கையில் தேதி தெரிகிறது. இடத்தின் பெயர் தெரிகிறது. அங்கே கண்டது யாது என்பது மட்டும் நினைவில் இல்லை. கதவு அடைபடும் முன் மேசையை எட்டிவிட வேண்டும் என்னும் அவசரத்தில் காட்டைக் காணாமலேயே திரும்பியிருக்கிறோம்.

ஸ்மோக்கி மலையில் வயது முதிர்ந்த பூங்காக் காவலர் ஒருவர், நாம் மலேசியாவிலிருந்து வந்ததை அறிந்ததும், “உங்கள் ஊருக்கு அருகில் எந்தக் காடு இருக்கிறது?” என வினவினார். நம்மால் விடை கூற இயலவில்லை. லாபிசிலிருந்து சில மணி நேரத்தில் அடையக்கூடிய எண்டாவ்-ரொம்பின் காட்டின் பெயரை மட்டும் கேள்விப்பட்டிருந்தோம். அங்கே நம் கால் பட்டதில்லை. கையில் வேற்று நாட்டுக் காடுகளின் முத்திரைகள் இருந்தன.

பட்டியலும் பயணமும்: தமிழ் மரபு

இடங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகச் சென்று காணும் முறை தமிழர்க்குப் புதியதன்று. சைவர்க்குப் பாடல் பெற்ற தலங்கள் உள்ளன. வைணவர்க்கு 108 திவ்விய தேசங்கள் உள்ளன. இவ்விரண்டாம் பட்டியலில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. 108இல் 106 தலங்களையே இவ்வுலகில் சென்று வழிபட இயலும். திருப்பாற்கடலும் பரமபதமும் இவ்வுடலோடு அடையத்தக்கன அல்ல. அதாவது, எவ்வளவு விரைந்து ஓடினாலும் பட்டியலை இங்கே முடித்துவிட முடியாது. எண்ணிக்கையை நிறைவு செய்வது பயணத்தின் முடிந்த பயன் அன்று என்பதை அப்பட்டியலே அடியார்க்கு உணர்த்திவிடுகிறது எனக் கொள்ளலாம்.

தலங்களை அடையாளப்படுத்தும் முறையும் நோக்கத்தக்கது. தலபுராணங்கள் மூர்த்தியையும் தீர்த்தத்தையும் கூறுவதோடு தலமரத்தையும் கூறும். தில்லை மரத்தால் பெயர்பெற்ற ஊர் தில்லை. ஓர் ஊருக்குச் சென்றவன் அவ்வூர் மரத்தை அறிந்து திரும்ப வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

இதற்கும் முற்பட்ட ஆற்றுப்படை இலக்கியம் பயணிக்கு வேறொரு நெறியைக் காட்டுகிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளில் நன்னனின் மலைநாட்டுக்குச் செல்லும் வழியை விளக்குகிறது. எங்கே வழுக்கும், எங்கே விலங்குகள் வரும், எவ்வகை மக்கள் எதிர்ப்படுவர், மலையில் எழும் ஓசைகள் யாவை என்றெல்லாம் அந்நூல் கூறும். சென்றவன் கண்டதையும் கேட்டதையும் செல்ல இருப்பவனுக்குச் சொல்வதே ஆற்றுப்படையின் அடிப்படை. முத்திரை ‘நான் சென்றேன்’ என்று மட்டும் கூறும்; ஆற்றுப்படையோ ‘நீ இவ்வாறு செல்க’ என்று கூறும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

எண்டாவ்-ரொம்பின்: காக்கப்பட்ட காடு

ஜொகூர், பகாங் மாநிலங்களின் எல்லையில் பரந்துள்ள இக்காடு எண்டாவ், ரொம்பின் ஆகிய இரு ஆறுகளின் பெயரால் வழங்குகிறது. ஜொகூர்ப் பகுதிக்கு இரு வாயில்கள் உண்டு. கிழக்கே காஹாங் வழியாகச் செல்வது பெத்தா. மேற்கே பெக்கோக் வழியாகச் செல்வது செலாய். இருப்புப் பாதையில் லாபிசுக்குத் தெற்கே அமைந்த ஊரே பெக்கோக். ஆகவே செலாய் வாயிலை லாபிஸ் மக்களின் அண்டை வாயில் எனக் கூறுவது பொருந்தும்.

இக்காடு தானாக நிலைத்துவிடவில்லை. 1976 முதல் 1980 வரையிலான மூன்றாம் மலேசியத் திட்டத்திலேயே இதனைத் தேசியப் பூங்காவாக்கும் எண்ணம் இடம்பெற்றிருந்தது. எனினும் 1977இல் பகாங் பகுதியில் மரம் வெட்ட உரிமம் வழங்கப்பட்டது. மலேசியக் கூட்டாட்சியில் நிலமும் காடும் மாநில அரசுகளின் அதிகாரத்துக்கு உட்பட்டவை ஆதலின் நடுவண் அரசால் எளிதில் தடுக்க இயலவில்லை. இயற்கைச் சங்கத்தினரும், சுற்றுச்சூழல் ஆர்வலரும், நாளேடுகளும், பொதுமக்களும் எழுப்பிய எதிர்ப்புக் குரலால் அம்முயற்சி நின்றது. பின்னர் 1985-86இல் மலாயா இயற்கைச் சங்கம் இக்காட்டில் அறிவியல் ஆய்வுப் பயணம் ஒன்றை நடத்தியது. அறிவியலாளரோடு தன்னார்வலரும் அதில் பங்கேற்றனர். 1993இல் ஜொகூர்ப் பகுதி பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது.

இக்காட்டின் பெயரையே தாங்கிய விசிறிப்பனை ஒன்று உண்டு. ‘லிவிஸ்டோனா எண்டாவென்சிஸ்’ என 1987இல் அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட அப்பனையைத் தமிழ் மரபின்படி இக்காட்டின் தலமரம் எனலாம்.

காடு என்னும் சொல்

இவ்வளவு அருகிலிருந்தும் நம் தோட்டத்து மக்கள் பலர் இக்காட்டுக்குள் சென்றதில்லை. இதற்குக் காரணம் அக்கறையின்மை எனக் கூறிவிடுதல் முறையன்று. தோட்டப் பேச்சில் ‘வெளிக்காட்டு வேலை’ என்பது தோட்டத்தில் செய்யும் களையெடுப்பு முதலிய வேலைகளைக் குறிக்கும். நம்மவர்க்குக் காடு என்பது கூலி பெறும் இடம். நம் முன்னோர் காட்டை அழித்து ரப்பர் நட்டனர்; பின்வந்தோர் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டனர். பால்மரம் வெட்டிய எம் தந்தையார், விடியுமுன் காட்டுக்குள் போகிறவன் விடுமுறையிலும் காட்டுக்குப் போவானா என்று கேட்பார். அக்கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தத் தலைமுறை தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போனபின், பிள்ளைகளுக்கு இரு காடுகளுமே அறியாதனவாகிவிட்டன.

ஏட்டில் எழுதவேண்டியவை

அயல்நாட்டுப் படிப்பை முடித்துத் திரும்பியபின் மாணவர் ஐவருடன் செலாய் சென்றோம். பெக்கோக்கைக் கடந்தபின் செம்பனை வரிசைகளுக்கு ஊடே மண்சாலை. அது சாதாரண மகிழுந்துக்கு ஏற்றதன்று. ஜாகூன் பழங்குடியைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவர் முன்னே நடந்தார். ஒவ்வொரு மாணவரிடமும் வெற்றுக் குறிப்பேடு ஒன்றைக் கொடுத்து, மூன்று செய்திகளை எழுதப் பணித்திருந்தோம்: கண்ட மரம் ஒன்று, கேட்ட ஓசை ஒன்று, வழிகாட்டி சொல்லித் தந்த பெயர் ஒன்று.

தலைக்கு மேலே இருவாய்ச்சி பறந்தபோது எழுந்த சிறகோசையைக் கேட்டு, லாபிஸ் மாணவி ஒருவர், “தூரத்தில் இரயில் வருவதுபோல் இருக்கிறது” என்றார். அதையே அவர் ஏட்டில் எழுதினார். எம் அமெரிக்க ஏட்டின் 14 முத்திரைகளுள் எதுவும் இத்தகைய ஒரு வரியைத் தாங்கியிருக்கவில்லை.

ஆற்றோர மணலில் வழிகாட்டி சுவடுகளைக் காட்டினார். ஒவ்வொரு விலங்கும் தன் வருகையைத் தானே பதித்துச் செல்கிறது. ஒரு சுவடு மட்டும் இனி அங்கே பதியாது. 1970களில் சுமத்ராக் காண்டாமிருகத்தின் முக்கிய வாழிடங்களுள் இக்காடும் ஒன்று. அதன் மூன்று விரல் சுவடே அதன் இருப்புக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. மலேசியக் காடுகளில் அவ்விலங்கு அற்றுப்போனதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. பாதுகாப்பில் வைக்கப்பட்டிருந்த கடைசி விலங்கும் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. காட்டைக் காத்தும் அதனுள் வாழ்ந்ததைக் காக்க இயலாமற்போன இச்செய்தியையும் நம் மாணவர்கள் ஏட்டில் எழுதினர்.

முடிவுரை

முத்திரை ஏடு விளையாட்டுப் பொருள் என ஒதுக்கத்தக்கதன்று. இளையோரை வீட்டைவிட்டுப் புறப்படச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு. ஜொகூரிலேயே எண்டாவ்-ரொம்பினுடன் 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையும், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியாகிய தஞ்சோங் பியாய்க் கண்டற்காடும் உள்ளன. லாபிசிலிருந்து இம்மூன்றையும் இணைத்து ஒரு பள்ளி விடுமுறைப் பயணத்தை வகுக்க இயலும். லாபிஸ், சிகாமட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் இதற்கெனத் தமிழில் சிற்றேடு ஒன்றை ஆக்கிக்கொள்ளலாம். மாணவர்களே ரப்பர்த் துண்டில் விசிறிப்பனை ஓலையைச் செதுக்கி முத்திரையாகப் பயன்படுத்தலாம்.

ஆனால் அவ்வேட்டில் முத்திரைக்குக் கால் பக்கமும், எழுதுவதற்கு முக்கால் பக்கமும் இருத்தல் வேண்டும். அடுத்து வருபவன் படித்து வழியறியத்தக்க ஒரு வரியேனும் அதில் அமைய வேண்டும். ஸ்மோக்கி மலைக் காவலரின் கேள்வி இன்னொரு நாள் லாபிஸ் மாணவர் ஒருவரிடம் கேட்கப்படுமாயின், அவர் காட்டின் பெயரோடு அதன் மரத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே நம் விழைவு.