ரோன்95-ஆ, ரோன்97-ஆ? விடை எண்ணெய் மூடியிலேயே இருக்கிறது

கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர், சேமித்த பணத்தில் பழைய டர்போ கார் ஒன்றை வாங்குகிறார். முதல் நாள் எண்ணெய் நிலையத்தில் நிற்கும்போதே குழப்பம். மஞ்சள் குழாயை எடுப்பதா, பக்கத்தில் உள்ளதை எடுப்பதா? “நல்ல காருக்கு விலையுயர்ந்த எண்ணெய்தான் போடணும்” என்கிறார் நண்பர். “எல்லாம் பெட்ரோல்தானே தம்பி” என்கிறார் அப்பா. இரண்டு பேச்சிலும் பாதிதான் உண்மை.

இது காசு சம்பந்தப்பட்ட கேள்வியும்கூட. 2025 செப்டம்பர் 30-இல் பூடி95 திட்டம் தொடங்கியபோது, தகுதியுள்ள மலேசியர்களுக்கு ரோன்95 லிட்டருக்கு 1.99 ரிங்கிட், மாதம் 300 லிட்டர் வரை என நிர்ணயிக்கப்பட்டது. ரோன்97-க்கு அந்த உதவித்தொகை இல்லை. அதன் விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்கும். இரண்டுக்கும் லிட்டருக்கு ஒரு ரிங்கிட் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 25 லிட்டர் போடுபவருக்கு ஆண்டுக்கு 1,300 ரிங்கிட் கூடுதல் செலவு.

எண் எதைச் சொல்கிறது?

ரோன் என்பது பெட்ரோலின் சக்தியை அளக்கும் எண் அன்று. அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கி, தானாகத் தீப்பற்றாமல் இருக்கும் திறனையே அது குறிக்கிறது.

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் சூடேறும். இன்ஜினுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. பிஸ்டன் மேலே வந்து காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை நெருக்குகிறது. ஸ்பார்க் பிளக் தீப்பொறி இடுகிறது. தீ ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சீராகப் பரவ வேண்டும். அது வந்து சேருமுன், மூலையில் மிச்சமுள்ள கலவை சூடு தாங்காமல் தானே வெடித்தால், உலோகத்தைத் தட்டுவதுபோல் ‘டிக் டிக்’ என்று ஒலி கேட்கும். இதைத்தான் ‘நாக்கிங்’ என்கிறார்கள். கடுமையாகத் தொடர்ந்தால் பிஸ்டனே சேதமாகலாம்.

படிவம் 5 வேதியியலில் மாற்றியம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. 8 கரிம அணுக்களும் 18 ஹைட்ரஜன் அணுக்களும் கிளையில்லாமல் நீண்ட சங்கிலியாக அமைந்தால், அதன் ஆக்டேன் எண் பூஜ்யத்துக்கும் கீழ். அதே அணுக்கள் கிளைவிட்டு ஐசோ-ஆக்டேனாக அமைந்தால் எண் 100. இந்த ஐசோ-ஆக்டேன் 95 பங்கும் ஹெப்டேன் 5 பங்கும் கலந்த கலவையைப்போல் தாக்குப்பிடிக்கும் பெட்ரோல்தான் ரோன்95.

எண் கூடினால் சக்தி கூடும் என்பது தவறு என்பதற்கு எத்தனால் நல்ல சான்று. அதன் ஆக்டேன் எண் 100-க்கும் மேல். ஆனால் ஒரு லிட்டரில் உள்ள ஆற்றலோ பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு.

வேகக் கார்கள் ஏன் கேட்கின்றன?

அதிக சக்தி வேண்டுமானால் கலவையை அதிகம் நெருக்க வேண்டும். அல்லது டர்போ மூலம் கூடுதல் காற்றை உள்ளே திணிக்க வேண்டும். இரண்டிலும் சூடும் அழுத்தமும் ஏறும்; நாக்கிங் ஆபத்தும் கூடும். அதனால்தான் இத்தகைய இன்ஜின்களுக்கு உயர்ந்த எண் தேவைப்படுகிறது.

இன்றைய கார்களில் நாக்கிங்கை உணரும் கருவி உண்டு. அதிர்வை அது கண்டதும், கணினி தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போடும். இன்ஜின் தப்பிக்கும், ஆனால் சக்தி குறையும், எண்ணெயும் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். நால்வரை ஏற்றிக்கொண்டு, குளிர்சாதனத்தையும் போட்டுக்கொண்டு கெந்திங் மலை ஏறும்போது இந்த வித்தியாசம் தெரியலாம். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது பெரும்பாலும் தெரியாது.

எவ்வளவு வித்தியாசம்? அமெரிக்க வாகனமோட்டிகள் சங்கமான ஏஏஏ, உயர் ஆக்டேன் ‘பரிந்துரைக்கப்படும்’ கார்களை 2017-இல் சோதித்தது. சராசரியாகக் கிடைத்த பலன், எண்ணெய்ச் சிக்கனத்தில் 2.7 விழுக்காடு, குதிரைத்திறனில் 1.4 விழுக்காடு. அங்கே ஒப்பிட்ட இரு வகைகளுக்கும் இடைவெளி 6 எண்கள். நம் நாட்டில் ரோன்95-க்கும் ரோன்97-க்கும் 2 எண்கள்தான்.

அமெரிக்கக் காணொளிகளைப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே வேறு அளவுகோல். அவர்களின் 91, ஏறக்குறைய நம் ரோன்95. ‘91 பிரீமியம் என்றால் நம் 95 அதைவிட உயர்ந்தது’ என்று கணக்குப் போடக்கூடாது.

என்ன செய்யலாம்?

எண்ணெய் மூடியின் உட்பக்கத்தையும் கார் கையேட்டையும் பாருங்கள். ‘குறைந்தது ரோன்95’ என்றிருந்தால் 95 போதும். 97 போடுவதால் சொல்லும்படியான பலன் இல்லை. 97 ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்றிருந்தால் அன்றாட ஓட்டத்துக்கு 95 போடலாம். மலைப் பயணத்துக்கு 97 போடலாம். 97 ‘கட்டாயம்’ என்றிருந்தால் அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பழைய டர்போ கார் வாங்குவோர் முன் உரிமையாளரிடம் ஒரு கேள்வி கேட்பது அவசியம்: “கணினியை ரீமேப் செய்திருக்கிறீர்களா?” ரோன்97-க்கு ஏற்பச் சக்தி கூட்டப்பட்ட காரில் 95 ஊற்றினால், தொழிற்சாலை வைத்திருந்த பாதுகாப்பு இடைவெளி மிஞ்சியிருக்கும் என்று நம்ப முடியாது.

தவறுதலாக 95 போட்டுவிட்டால் பதற வேண்டாம். மெதுவாக ஓட்டி, தொட்டியில் இடம் வந்ததும் 97 ஊற்றிக்கொள்ளலாம். இரண்டும் கலந்தால் கெடுதல் இல்லை. பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய 96 கிடைக்கும்.

கார் வாங்குமுன் மாதத் தவணையைக் கணக்கிடும் நாம், அது எந்த எண்ணெய் குடிக்கும் என்பதையும் அதே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். அந்த 1,300 ரிங்கிட்டைத் தாங்க முடியாவிட்டால், மாற்ற வேண்டியது எண்ணெயை அல்ல. வாங்க நினைக்கும் காரை.