மங்குவது டைல்ஸ் அல்ல

"தம்பி, குடிவந்து ரெண்டு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள டைல்ஸ் மங்கிப்போச்சு. மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டாங்களோ?" டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரியான எனக்கு இப்படி அடிக்கடி போன் வரும். நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். ஒரு சோதனை செய்யச் சொல்வேன்.

ஹாலில் ஒரே ஒரு டைலை எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு, பினாயில் எதுவும் கலக்காத வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து அழுத்தித் துடையுங்கள். துணியை அலசி அலசி நாலைந்து தடவை துடைத்துவிட்டு, காய்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள். பக்கத்து டைலைவிட இது பளிச்சென்று தெரிந்தால், மங்கியது டைல்ஸ் இல்லை. அதன்மேல் ஒரு படலம் ஏறியிருக்கிறது. பல வீடுகளில் அந்தப் படலம், தரை துடைக்க நாம் ஊற்றிய திரவமேதான்.

விட்ரிஃபைட் டைல்ஸ் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அது போர்சலின் வகை. களிமண், ஃபெல்ட்ஸ்பார், சிலிக்கா மணல் எல்லாம் சேர்த்து அழுத்தி, 1,200 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டில் சுட்டெடுப்பார்கள். அந்தச் சூட்டில் உள்ளே பாதி கண்ணாடியாகவே இறுகிவிடும். தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் அது தண்ணீர் குடிக்காது. பாத்ரூம் சுவரில் ஒட்டும் சாதா செராமிக் 10 சதவீதத்துக்கு மேலும் குடிக்கும். குடிக்காத தரையில் ஊற்றிய திரவம் எங்கே போகும்? தண்ணீர் காய்ந்துவிடும், சோப்பும் வாசனை எண்ணெயும் மேலேயே தங்கிவிடும். அந்தப் பிசுக்கில் கால்தூசி ஒட்டும். அழுக்காகத் தெரிகிறதே என்று மறுநாள் இன்னும் இரண்டு மூடி ஊற்றுவோம்.

அதனால் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். தினமும் திரவம் தேவையும் இல்லை. வெறும் தண்ணீர் போதும். வாளி மட்டும் இரண்டு வேண்டும்: ஒன்று துடைக்க, இன்னொன்று மாப்பை அலச. ஒரே வாளித் தண்ணீரில் வீடு முழுக்கத் துடைத்தால், அடுப்படி எண்ணெய் பூஜையறை வரை போய்ச் சேரும்.

போர் தண்ணீர் உள்ள வீடுகளில் இன்னொரு தொல்லை, உப்பு. துடைத்த ஈரம் தானாகக் காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். அதில் சோப்பும் சேர்ந்தால் திப்பியாகப் படியும். கடைசியாக ஒருமுறை காய்ந்த துணி போட்டு இழுத்தால் இது வராது. ஏற்கெனவே படிந்திருந்தால் வாளித் தண்ணீரில் கால் டம்ளர் வினிகர் கலந்து துடைத்து, உடனே நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வது ஆசிட் பற்றி. மொசைக் காலத்தில் கடைசிப் பாலிஷுக்கு நாங்களே ஆக்ஸாலிக் ஆசிட் தூள் போட்டுத் தேய்த்தோம். அந்த நினைப்பில் கக்கூஸுக்கு வாங்கிய ஆசிட்டை டைல்ஸ் தரையில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். டைல்ஸ் தாங்கினாலும் இடையில் இருக்கும் ஜாயிண்ட் தாங்காது. அது சிமெண்ட், நுரைத்துக் கரையும். பிறகு அந்தப் பள்ளத்தில் தண்ணீர் இறங்கும், எறும்பு புற்று வைக்கும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் விஷவாயு கிளம்பும், ஒருபோதும் கலக்காதீர்கள். கறுத்த ஜாயிண்டுக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். அப்படியும் போகாவிட்டால் மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டு, ஜாயிண்டை அடைக்கும் கலவையான கிரௌட்டைப் புதிதாகப் போடலாம். அடுப்படிக்கு எபாக்ஸி கிரௌட் கேளுங்கள். விலை கூடுதல், ஆனால் எண்ணெயும் மஞ்சளும் உள்ளே இறங்காது.

கேஸ் சிலிண்டர் அடியில் வட்டமாகத் துரு பிடிக்கும். எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிஷம் ஊறவைத்து, நைலான் நாரால் தேய்த்துக் கழுவினால் போகும். சிலிண்டருக்குச் சக்கர ஸ்டாண்ட் வாங்கிவிட்டால் வட்டமே விழாது. மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவக்கும்; பயப்பட வேண்டாம், காரத்துக்கு மஞ்சள் அப்படித்தான் மாறும். பாலிஷ் போட்ட டைல்ஸில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அதனால் மஞ்சள், குங்குமம், வெற்றிலைச் சாறு எது சிந்தினாலும் ஈரம் காயும் முன்பே துடைத்துவிடுங்கள்.

பாலிஷின் நிஜ எதிரி மணல். அது கண்ணாடியையே கீறும். மணல் கிடக்கும்போது மாப் போட்டால் உப்புத்தாள் தேய்ப்பதுபோல் ஆகிவிடும். பெருக்கிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். வாசலில் முரட்டு மிதியடி, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குமிழ், இவ்வளவுதான் செலவு. படலத்தைத் துடைத்து எடுக்கலாம். கீறலை எடுக்க முடியாது.

வேலை முடிந்ததும் மிஞ்சிய டைல்ஸைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பெட்டியாவது பரணில் இருக்கட்டும். கிரௌட் பாக்கெட்டின் அட்டையையும் அதோடு வையுங்கள். அம்மிக்குழவி விழுந்து ஒரு டைல் உடைந்தால், அதே டிசைன் கடையில் கிடைத்தாலும் ஷேடு சேராது. கையில் டைல் இருந்தால் அரை நாள் வேலை. இல்லையென்றால், ஒரு டைலுக்காக ஹால் முழுக்க மாற்றலாமா என்று வீட்டில் பஞ்சாயத்து நடக்கும்.